இடி நேரத்துக்கு நீ எழுதிய உத்தரவு

நரிப்பாறைத் தோட்டம், பதுளை
1911 ஏப்ரல் 27

அன்புள்ள மகன் அருளப்பனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் எழுந்து நடமாடுகிறேன். நீயும் மருமகள் லூர்தம்மாளும் குழந்தையும் கொழும்பில் சுகமாயிருக்க அவரையே மன்றாடுகிறேன். பிள்ளைக்கு வேர்க்குரு என்று எழுதியிருந்தாய், சந்தனம் இழைத்துப் பூசி இரண்டு வேளை குளிப்பாட்டினால் போதும். அதே கடிதத்தில், நாங்கள் வியர்வையில் வேகிறோம், அம்மா மட்டும் மலைக்குளிரில் சுகமாயிருக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். பதினெட்டு வயது வரை இங்கே வளர்ந்தவன் எழுதுகிற எழுத்தா இது. பங்குனி பிறந்ததிலிருந்து இங்கே காற்று அசையவில்லை, காலை பத்து மணிக்கே தகரக் கூரை அனல் கக்குகிறது, உப்புச் சாடியில் தண்ணீர் கோத்து நிற்கிறது, மத்தியானமானால் நமுனுகுலை மலைப் பக்கம் வானம் கறுத்துவிடும், மழை சில நாள் வரும், சில நாள் ஏமாற்றும், இடி மட்டும் தவறுவதில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாததா. தெரிந்துதான் அந்தத் தாளை எழுதினாயா என்று கேட்கவே இந்தக் கடிதம்.

போன மாதம், காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்துச் சுவரில், நீ எழுத்து வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து வந்த தமிழ் உத்தரவு ஒன்றை ஒட்டினார்கள். கொழுந்தெடுக்கிற பெண்கள் தங்களுக்கு வாசிக்கத் தெரியாதென்று என்னைக் கூப்பிட்டார்கள். கிட்டப் போனதும் எழுத்து தெரிந்துவிட்டது, நான் கையைப் பிடித்துப் பழக்கிய எழுத்து. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்குமுன்னே, இது என் மகன் கை என்று எல்லோரிடமும் சொன்னேன். அவ்வளவு பெருமை எனக்கு. பிறகு உரக்க வாசித்தேன். வேலை முடிகிற கொம்பு ஊதுமுன் மழை, இடி என்று சொல்லி மலையை விட்டு இறங்குகிறவர்களுக்கு அன்று அரைப் பேர்தான், பாதி நாள் கூலி போயிற்று என்று என் வாயாலேயே அவர்களுக்குச் சொன்னேன். உன் தகப்பனார் இங்கே பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்த இருபத்திரண்டு வருஷமும் முதல் இடி கேட்டவுடன் கொம்பு ஊதினார்கள். கொழுந்து நாளைக்கும் துளிர்க்கும் என்று துரையிடமே சொன்னவர் அவர். இப்போது இடித்தாலும் மின்னினாலும் நாலு மணிக்குத்தான் ஊதுகிறார்கள்.

போன வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மேல்மலையில் பெண்கள் ஒதுங்கி நின்ற சவுக்குமரத்தின் மேல் இடி விழுந்தது. மரம் நடுவாகப் பிளந்தது, வேலாயி தூக்கி எறியப்பட்டாள். மழைக்காலத்தில் உன்னை இடுப்பில் வைத்து ஆறு தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் அவள்தான். உயிர் இருக்கிறது, இரண்டு காதும் கேட்கவில்லை, வலது கை விரல்கள் மடங்கவில்லை, இனி அவள் எங்கே கொழுந்து கிள்ளுவது. இடி கேட்டும் ஏன் இறங்கவில்லை என்று அவள் தங்கை இராக்கம்மாவைக் கடிந்துகொண்டேன். சின்னய்யா எழுதினதுன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க, அத மீறலாமுங்களா என்றாள். குத்திச் சொன்னாளோ, உண்மையாகவே கேட்டாளோ தெரியவில்லை.

மேலதிகாரி சொன்னதைத் தமிழில் எழுதினேன், என் மேல் என்ன பிழை என்று நீ எழுதுவாய். எழுதாதே. இந்த மலையின் இடி அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். எழுதுமுன் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னாயா. திங்கட்கிழமையிலிருந்து, இடி முழங்கியதும் நானே கீழ்ப்பாதையில் நின்று இறங்கி வாருங்கள் என்று கூப்பிடுகிறேன். தம்பையாக் கங்காணி ஓடி வந்து, தொர குடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு தொர ஆளுகளையே எறக்குறீங்களே பெரியம்மா, நல்லாருக்கு நியாயம் என்றான். வேண்டுமானால் வீட்டை எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். நேற்று ஒன்பது பேர் இறங்கினார்கள். மற்ற முப்பது பேரும் அரைப் பேருக்குப் பயந்து மரத்தடியிலேயே நின்றார்கள். உன் தாளுக்கு முன்னால் என் சொல் எடுபடவில்லை.

ஆகவே நீயே மேலதிகாரி முன் போய் நின்று, இடி கேட்டால் கொம்புக்குக் காத்திராமல் இறங்கலாம், பேர் வெட்டப்படாது என்று உத்தரவு வாங்கி, அதே கையால் எழுதி அனுப்பு. வேலை போய்விடும் என்று பயந்தால் அதையாவது ஒளிக்காமல் எழுது. வைகாசி வரை இடி ஓயாது, தாமதிக்காதே. வேலாயிக்கு ஆறுதலாக ஒரு வரியும் வேண்டாம், நான் வாசித்துச் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது.

கோபம் கோபந்தான், ஆனாலும் உங்கள் மூவரையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பன்னிரண்டு மணியாகிறது, நமுனுகுலை கறுத்துவிட்டது, நான் கீழ்ப்பாதைக்குப் போகிறேன்.

உன் தாயார்,
மரியஞானம்