நாற்பது நாள் வராத சிவகாமிக்குப் பரீட்சை அனுமதி அட்டை கோரல்

அனுப்புநர்:
ஜெனிதா இந்திரகுமார் (வயது 14),
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
புருசெத், ஒஸ்லோ, நோர்வே.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை,
ஆத்திமோட்டை, வன்னி.

பொருள்: தரம் 11 மாணவி செல்வி சிவகாமி பாலேந்திரனின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டை நிறுத்தப்பட்டமை குறித்து முறையிடல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி மாணவி என் பெரியம்மாவின் மகள். இவ்வருடம் ஒக்டோபர் முடிய நடந்த 165 பாடசாலை நாட்களில் அவர் 125 நாட்களே வந்தார் என்றும், வரவு எண்பது வீதத்துக்குக் குறைவதால் அனுமதி அட்டையைக் கையளிக்க வேண்டாம் என்றும் தங்கள் பணிமனை பாடசாலை அதிபருக்கு எழுதியிருக்கிறது. பரீட்சை டிசம்பர் 8ஆம் திகதி தொடங்குகிறது. வராத நாற்பது நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் தங்கள்முன் வைக்கவே இதை எழுதுகிறேன். எங்களுக்குத் தமிழ் வகுப்பு சனிக்கிழமைகளில் மட்டுமே. பிழைகள் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. அவற்றில் இருபத்தாறு நாட்கள் மலேரியா. செப்டெம்பரில் ஒருமுறை, ஒக்டோபரில் மறுபடியும். சிகிச்சை நிலையம் பதினொரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நடுக்கத்தில் விழுந்துவிடாமல் சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பெரியம்மா உழக்கிக்கொண்டு போனார். அங்கே ஆறு வருடமாக வைத்தியர் இல்லை. தாதி புளோறன்ஸ் அவர்களே இரத்தம் எடுத்து, குளிசை கொடுத்து, ஒவ்வொரு தடவையும் சிகிச்சை அட்டையில் திகதியிட்டுக் கையொப்பம் வைத்தார். தங்கள் பணிமனை அந்த அட்டையை ஏற்காமல், அரச வைத்திய அதிகாரியின் சான்றிதழைக் கேட்டது. பெரியம்மா முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் போய் வைத்தியரைக் கண்டபோது, "நான் பாக்காத காய்ச்சலுக்கு எப்பிடியம்மா துண்டு தாறது?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் வைத்தியரே அனுப்பப்படாத இடத்திலிருந்து வைத்தியரின் கையெழுத்தைக் கேட்பது எப்படிச் சரியாகும் என்று எனக்கு விளங்கவில்லை, ஐயா.

3. மிகுதிப் பதினான்கு நாட்களுக்கும் காரணம் நாங்கள். போர் நின்று வன்னிக்குப் பாதை திறந்ததால், பதினைந்து வருடத்துக்குப் பிறகு என் பெற்றோர் என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். யூலை 7 முதல் 24 வரை அங்கே நின்றோம். நோர்வேயில் யூலை முழுவதும் பள்ளி விடுமுறை. அங்கும் அப்படித்தான் என்று நினைத்தோம்; விமானச்சீட்டு எடுக்கும்போது ஒருவரும் விசாரிக்கவில்லை. முதல் நாள் காலையில் அக்கா வெள்ளைச் சீருடை போட்டு, இரட்டைப் பின்னலும் கட்டி நின்றார். "வெளிநாட்டிலை இருந்து சனம் வந்து நிக்குது, இவ பள்ளிக்கூடம் வெளிக்கிட்டிட்டா! போய்க் கழட்டடி!" என்று பெரியம்மா ஏசினார். லீவு இல்லையா என்று நான் கேட்டேன். "லீவுதான். அளவோ எண்டு போட்டுப் பாத்தனான்" என்று அக்கா சிரித்தார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. பிறகு நல்லூருக்கும் கீரிமலைக்கும் எங்களோடு வான் வண்டியில் வந்தார். வழியெல்லாம் அவர் மடியில் கணிதப் புத்தகம் இருந்தது.

அந்தப் பதினான்கு நாளும் அவர் பாடசாலைக்குப் போயிருந்தால், மலேரியாவோடுகூட அவருடைய வரவு எண்பத்துநான்கு வீதம். இதை நான் பலமுறை கணக்கிட்டுப் பார்த்தேன்.

4. "நாப்பது நாளும் காய்ச்சல் எண்டு எழுது பிள்ளை, ஆர் உதை எண்ணப் போயினம்?" என்றார் அப்பா. நான் அப்படி எழுதவில்லை. தாதி கையொப்பமிட்டது இருபத்தாறு நாட்களுக்கு மட்டுமே. நான் பொய் சொன்னால் அவருடைய உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எங்கள் கடவுச்சீட்டு முத்திரைகளின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். பதினான்கு நாட்களை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. நோயுற்ற இருபத்தாறு நாட்களை மட்டும் ஏற்றுக்கொண்டாலே வரவு தொண்ணூறு வீதத்தைத் தாண்டிவிடும்.

5. "அடுத்த வருசம் எழுதுவன், நீ யோசியாதை" என்று அக்கா, இங்கே வந்த ஒருவரிடம் எனக்குக் கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறார். ஐயா, அந்த வீட்டில் அடுத்த வருடம் என்பது நிச்சயமான சொல் அல்ல. பெரியப்பா மிதிவெடியில் கால் இழந்தவர். தரப்பாள் சீலை வேய்ந்த கூரையின்கீழ் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஏழு தடவை இடம்பெயர்ந்தும் அக்கா ஒரு வகுப்பும் பின்தங்கவில்லை. பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாததால் தரம் எட்டுக்கு அவரே கற்பிக்கிறார். படிப்பை விட்ட பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை நான் எழுதத் தேவையில்லை. தங்களுக்குத் தெரியும்.

6. ஆகவே, தாதியின் அட்டையை மருத்துவச் சான்றாக ஏற்று, அனுமதி அட்டையை வழங்க ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். தபாலில் போட்டால் இம்மனு பரீட்சைக்குப் பிறகே வந்து சேரக்கூடும். அதனால் செவ்வாய்க்கிழமை ஊருக்குப் புறப்படும் எங்கள் அயலவர் திரு. இரவீந்திரன் அவர்களிடம் கொடுத்து விடுகிறேன். பெரியம்மாவிடமுள்ள தாதியின் மூல அட்டையையும் அவர் கொண்டுவந்து காட்டுவார். தங்கள் முடிவு தெரியும்வரை பணிமனையிலேயே காத்திருப்பார்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம், ஐயா. அந்த நேரத்தில் அதிபருக்கு ஒரு வரி எழுதினால் போதும்: அட்டையைக் கொடுக்கவும்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 09.11.2003

இவ்வண்ணம்,
தங்கள் பணிவுள்ள,
ஜெ. இந்திரகுமார்
(ஜெனிதா இந்திரகுமார்)