மருந்துக்கடைக் கட்டைச்சுவர்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் இரத்த அழுத்தமும் பெரியவளின் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே பல்கலைக்கழகத்தில் நகர வடிவமைப்பாளர், டாக்டர், இலக்கியப் பேராசிரியை மூவரும் சேர்ந்து, நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு நடந்து வரும் தெருவை ஆராய்கிறார்கள். வரைபடம் என் வேலை. வழியில் மருந்துக்கடை முன்னால் ஒரு கட்டைச்சுவர். அது இடைஞ்சலாம், புதிய படத்தில் அழிக்கச் சொன்னார் வடிவமைப்பாளர். பேராசிரியை நோயாளிகளை எழுதவைத்த அனுபவங்களைப் படித்துப் பார்த்தேன். பதினொரு பேர் அந்தச் சுவரில் உட்கார்ந்துவிட்டுத்தான் மிச்சத் தூரம் நடந்திருக்கிறார்கள்.

"ஆறு நிமிஷ நடை சார், நடுவுல எதுக்கு உட்காரணும்?" என்றார் வடிவமைப்பாளர்.

"மாணவங்களை நடக்கவிட்டு அளந்தா ஆறுதான் வரும். என்கூட வாங்க."

பாதி வழியில் முட்டி லேசாக மடங்கியது, சுவரில் உட்கார்ந்தேன். பயப்படாதே, விழவில்லை. போய்ச் சேரப் பதினெட்டு நிமிஷம் ஆனது.

"அது உங்க வயசுக்கு சார்."

"ஆஸ்பத்திரிக்கு வேற யாரு வர்றா?"

கூட நடந்து வந்த டாக்டர் சிரித்தார். ஆனாலும் படம் மாறவில்லை. பட்டம் வாங்காதவன் சொல் அம்பலம் ஏறாது என்பது எனக்குப் புதிதா? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்தப் பதினொரு பேர் எழுதியதையும் உரக்கப் படிக்கப்போகிறேன். சுவர் இல்லாத படத்தில் என் கையெழுத்து விழாது. வேலை போனால் போகட்டும்.

முட்டி உறையை அனுப்பு. கூடவே உன் கையால் நாலு வரி எழுது. போனில் "சாப்பிட்டீங்களா" என்பதோடு முடித்துவிடுகிறாய். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். உன் கடிதத்தை அந்தச் சுவரில் உட்கார்ந்துதான் படிப்பேன். சுவர் இருக்கும்.

உன் பிடிவாதக்காரன்