நாரைப்பேரேரிப் புள்நோக்கர் அவையின் இலச்சினை பற்றிய ஓலை

வளம் பெருகுக. கடல்துறைகள் பல உடையவரும் வெண்மணல் நாட்டு வேந்தருமாகிய நெடுமாவேள் பெருமானின் அமைச்சன் ஏனாதிச் சாத்தன், வைகறையில் எழுந்து பறவை காணச் செல்லும் நீர்ச்சுழி ஊர்ப் புள்நோக்கர் அவைத் தலைவி கோதைநாச்சியார்க்கு விடுத்த ஓலை. நும் ஊரும் ஏரியும் அதில் இறங்கும் புள்ளினமும் நலமே இருக்க.

சேனாபதியார் நாரைப்பேரேரியைத் தம் வேட்டைக்களமாகக் கேட்டதும், அது பொறாத யாம் ஏரிக்காவலை நும் அவைக்கே அருளுமாறு விண்ணப்பித்ததும், அவைக்கென ஓர் இலச்சினை வரட்டும், பார்ப்போம் என்று வேந்தர் திருவாய் மலர்ந்ததும் நீவிர் அறிந்ததே. ஒரு பறவையை வரைந்து அனுப்பச் சொன்னோம். நீவிர் ஒரு சந்தையையே அனுப்பினீர்.

நடந்ததை விசாரித்தோம். என் படகில் ஏறித்தானே எல்லாரும் பறவை பார்க்கிறீர்கள், கூழைக்கடாவின் அலகு இல்லையென்றால் இனி நீந்திப் போங்கள் என்றாராம் படகோட்டி மூக்கனார். பூநாரையின் காலுக்குக் குறைந்து எதற்கும் இசையேன் என்றாராம் மருத்துவர் அரங்கனார். தலைவியாகிய நீவிரோ சத்தமின்றி மீன்கொத்தியின் சிறகுகளை எடுத்துக்கொண்டீராம். உடலை ஒருவரும் கேளாமையால் அது சிட்டுக்குருவிக்குப் போயிற்றாம். மிளகு மூட்டைகளின் நடுவே பேரம் கேட்டு வளர்ந்தோம் யாம். ஆயினும் ஒரு பறவையைக் கூறுபோட்டு விற்ற கடையை இப்போதுதான் கண்டோம்.

வேந்தர் இலச்சினையைத் திருப்பித் திருப்பி நோக்கி, இப்பறவையை நாம் கண்டதில்லையே என்றார். அருகிருந்த சேனாபதியார், இப்படியொன்று உலகிலேயே இல்லை, இவர்கள் அரசரையே ஏய்க்கிறார்கள் என்றார். ஏரி கைவிட்டுப் போயிற்று என்றே எண்ணினோம். உடனே தலைவணங்கி, இது கூச்சம் மிகுந்த பறவை, வில்லோசை கேட்ட நீரில் இறங்காது, ஆகையால் சேனாபதியார் கண்ணில் படாததில் வியப்பில்லை என்று விண்ணப்பித்தோம்.

வேந்தர் விட்டாரில்லை. வில்லாளர் எவரையும் அழையாது, சேனாபதியாரையும் வில்லின்றி உடன்கொண்டு ஏரிக்கு எழுந்தருளினார். கோரைப்புதரையே வெகுநேரம் பார்த்திருந்தவர், திடீரென்று அதோ என்று விரல் நீட்டினார். உடன்சென்றோர் அனைவரும் கண்டனர். கால் எவ்வளவு நீளம் என்று ஒருவரோடொருவர் வியந்தும் கொண்டனர். சேனாபதியார் மட்டும் சற்றுத் தாமதித்துக் கண்டார்.

அங்கேயே ஆணை பிறந்தது. நாரைப்பேரேரியில் வில்லும் வலையும் கண்ணியும் என்றென்றைக்கும் ஆகா. காவல் நும் அவையினுடையது. ஆகவே இதனால் யாம் கட்டளையிடுவது: அப்பறவை உண்டா என்று கேட்போர்க்கு, வேந்தரைக் கேளுங்கள் என்பதன்றி நும் அவையோர் வேறு விடை கூறற்க. மெய்யை மறைக்கத் தெரியாத மருத்துவரைச் சின்னாள் மூலிகை தேட மலைக்கு அனுப்புக.

இன்னும் ஒன்று. வேந்தர் கண்ட பறவைக்குத் தலையில் கொண்டை இருந்ததாம். அதை எப்படி விட்டார்கள், இவர்கள் என்ன புள்நோக்கர் என்று வருந்துகிறார். நும் பேரத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டென்று கொள்க.

எம் கணையாழி பதித்த இவ்வோலை கண்ட பொழுதே ஓவியரை அழைத்துக் கொண்டையைச் சேர்த்து அனுப்புக. பெரிதாகவே இருக்க.