தலை எனக்கு, வால் உனக்கு

இன்று காலை கப்பலில் வந்திறங்கிய ஒரு பெண் என் கையில் ஒரு நாவலைத் தந்துவிட்டு ரயில் ஏறிப் போனாள். வீட்டுக்கு வந்து விரித்தேன். புதுத்தாளின் பசை மணம் குப்பென்று அடித்தது. உன் ஞாபகம் வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது. செத்தவள் மேல் பொறாமைப்படுகிறவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நமக்கு எழுத்துக் கூட்டப் பழக்கியது கன்னியாஸ்திரிமார். அவர்களுடைய அலுமாரியில் புனிதர்களின் சரித்திரம் தவிர வேறொன்றும் கிடையாது. கலியாணமாகி இருவரும் தலைமன்னாருக்கு வந்த பிறகுதான் நாவல் பைத்தியம் பிடித்தது. ஒன்றை முடித்துக் கீழே வைத்தால், அடுத்தது எங்கே என்று கை பறக்கும். இங்கே புத்தகக் கடை ஏது? இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் படித்து முடித்துக் கொடுத்தால்தான் உண்டு. உன் புருஷன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கப்பலடிக் கந்தோரில் வருகிறவர்களைப் பதியும் கிளாக்கர். என் புருஷன் கருவாட்டு வியாபாரி. அங்கேயே நான் தோற்றுவிட்டேன்.

அண்ணைக்கு நீ ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தாய். "பேரைப் பாத்து வாங்காதேங்கோ. புத்தகத்துக்குள்ளை முகத்தை வச்சபடி இறங்கி, மூட்டையை மறந்திட்டு, கந்தோர்த் துரையிட்டைப் பேச்சு வாங்கிறவள் ஆரெண்டு பாருங்கோ. அவளிட்டைக் கேளுங்கோ." அப்படி வந்த புத்தகம் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று எத்தனையோ நாள் வயிறெரிந்திருக்கிறேன்.

வந்த புத்தகத்தை யார் முதலில் படிப்பது என்பதில் தினமும் சண்டை. ஒருநாள் நீ மீன் வெட்டும் கத்தியோடு வந்தாய்.

"எடியே, ஏன் சண்டை? வெட்டுவம்."

"உனக்கென்ன விசரே?"

"தலை உனக்கு, வால் எனக்கு. மீனிலையும் உனக்குத் தலைதானே பிடிக்கும்?"

முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வோம். பிறகு வலை நூலால் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுவாய். நடுவிலிருந்து தொடங்குகிறவளுக்கு என்ன விளங்கப்போகிறது என்று முதலில் இளக்காரமாக நினைத்தேன். உனக்கு எல்லாம் விளங்கியது. கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பாய்.

"இன்னும் அந்தக் கிழவன் சாகேல்லையே?"

"ஐயோ, வாயைத் திறக்காதை!"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அந்த மருமோனை மட்டும் நம்பாதை."

அத்தோடு அன்றைய பூசை எனக்குக் கெட்டுவிடும். ஒருதரமாவது வாலை எனக்குத் தா என்று கெஞ்சினேன். "நீ தாங்கமாட்டாய். ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவாய்" என்றாய். அது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

கடைசியாக வந்த நாவலில் முத்துக்குளிக்கப் போன தமையன் திரும்பி வரவில்லை. கூடப்போன தோழன்தான் அவனைக் கொன்றிருப்பான் என்று தங்கை சந்தேகிக்கிறாள். அவன் பெண் கேட்டு வருகிறான். சரி என்று தலையாட்டுகிறாள். அங்கே என் பாதி முடிந்துவிட்டது.

அதே கிழமை எனக்குப் பிள்ளை பிறந்தது. நீ மலேரியாக் காய்ச்சலில் விழுந்தாய். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி காய்ச்சல் வீட்டுப் படியை மிதிக்கக்கூடாது என்று என்னை மறித்துவிட்டார்கள். அண்ணை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்கடை பாதி முடிஞ்சுதோ எண்டு கேக்கிறா. தன்னாலை வாயைக் கட்டேலாமல் கிடக்காம்."

"முடிச்சிட்டன் அண்ணை. சொல்லவேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் வந்து படிக்கிறன்."

நீ சொல்லவில்லை. நான் கேட்டதை நீ கேட்டு நடந்தது அந்த ஒருமுறைதான்.

யார் மறித்தும் நில்லாமல் உன் சாவீட்டுக்கு வந்தேன். கையில் செபமாலையோடு பெட்டியில் கிடந்தாய். பெட்டிக்குள்ளேயே தலைமாட்டில் அந்தப் பின்பாதி இருந்தது. "அவ ஆசையாய் வச்சிருந்தது, தங்கச்சி" என்று அண்ணை தேம்பினார். எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் கண் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பெட்டியை மூட மூடியைத் தூக்கியபோது, பாய்ந்து உருவிவிடலாமா என்று கை துடித்தது. அழுகிற மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? அந்தத் தங்கை அவனைக் கொன்றாளா, மன்னித்தாளா, அவன் குற்றமே செய்யாதவனா? எல்லாம் தெரிந்தவளாக நீ படுத்திருந்தாய்.

அந்த நாவலின் பெயரைச் சொல்லி இன்றுவரை கப்பலில் வருகிறவர்களிடம் கேட்கிறேன். ஒருவரிடமும் இல்லை. உன் வித்தையை வைத்துக்கொண்டு மற்றப் புத்தகங்களைப் பிடித்துவிடுகிறேன். எது கிடைத்தாலும் இப்போது பின்பாதியைத்தான் முதலில் படிக்கிறேன். எனக்கு முன்னால் இனி எவளும் முடிவைத் தெரிந்துகொள்ளக்கூடாது என்ற வீம்பு. படித்து முடித்ததும் நீ சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு எனக்கும் வருகிறது. திரும்பிப் பார்க்கிறேன். முடிவு தெரியாமல் தவிக்க உனக்கு நான் ஒருத்தி இருந்தேன். எனக்கு யாருமில்லையடி. அந்தப் பொறாமைதான் இன்னும் ஆறவில்லை.