கழித்தற் குறிகள் நிரம்பிய பயிற்சிக் கொப்பி

அனுப்புநர்:
துரைராசா உமாசுதன்,
கணித ஆசிரியர்,
கிளென்மோரா தோட்டத் தமிழ் வித்தியாலயம்,
வட்டகொடை.

ஊடாக:
அதிபர், மேற்படி வித்தியாலயம்.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

விடயம்: கணினி அறைத் திறப்பு (சாவி) பறிக்கப்பட்டமை, எனது பயிற்சிக் கொப்பி பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டமை, அதன் பேரில் செய்யப்பட்ட இடமாற்றச் சிபாரிசு ஆகியவை பற்றிய புகார் மனு.

மதிப்புக்கும் பொறுமைக்கும் உரிய ஐயா,

1. தங்களின் 2007 மார்ச் 5ஆம் திகதிய கடிதம் கிடைத்தது. எங்கள் பாடசாலையின் அதிபர் உட்பட ஒன்பது ஆசிரியர்கள் கையெழுத்திட்ட முறைப்பாட்டின் பிரதியும் அதனுடன் இருந்தது. என்னையும் சேர்த்து இங்கு ஆசிரியர் பத்துப் பேர். ஆகவே என்னைத் தவிர எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என்னை வேறு பாடசாலைக்கு மாற்றவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தருமாறு தாங்கள் பணித்திருக்கிறீர்கள். இது அந்த விளக்கம். எனக்கும் ஒரு புகார் இருப்பதால் அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

2. என்மீது மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, அரசாங்கக் கணினியில் விளையாடினேன். இரண்டு, சக ஆசிரியர்களுக்குப் புள்ளியிட்டு இரகசியக் கொப்பி வைத்திருந்தேன். மூன்று, ஒருவரோடும் ஒத்துப் பழகாதவன். முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

3. முதலாவது பற்றி: 2005ஆம் ஆண்டு எங்கள் பாடசாலைக்கு நான்கு கணினிகள் கிடைத்தன. கணித ஆசிரியர் என்ற காரணத்தால் அறையும் திறப்பும் என் பொறுப்பில் விடப்பட்டன. நான்காம் கணினி பழுதானபோது ஹட்டனில் கணினிக் கடை வைத்திருக்கும் ரிஸ்வி என்பவர் வந்து திருத்தினார். போகும்போது ஓர் இறுவட்டைத் தந்து, "இது சுடுற விளையாட்டு இல்ல சேர், யோசிக்கிற விளையாட்டு" என்றார். பாடசாலை ஒன்றரைக்கு விடும். அதன் பின்னர்தான் விளையாடினேன். மாணவர் நேரத்தில் ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

4. நான் யாழ்ப்பாணத்தவன். மனைவி கமலேஸ்வரியும் மகள் கஜனியும் அங்கேதான் இருக்கிறார்கள். சென்ற ஆகஸ்டில் போரினால் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்ட பின் நான் வீடு போகவில்லை. ஆசிரியர் விடுதியில் மூன்று அறைகள் உள்ளன, ஆள் நான் ஒருவன். இதை அனுதாபம் வேண்டி எழுதவில்லை. ஒன்றரை மணிக்குப் பிறகு கணினி அறையில் எனக்கு என்ன வேலை என்று முறைப்பாட்டில் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

5. அந்த விளையாட்டைச் சற்று விவரிக்கவேண்டியிருக்கிறது. அது புரியாமல் கொப்பி புரியாது. விளையாடுபவர் ஓர் அரசை ஆளவேண்டும். மற்ற அரசுகளைக் கணினியே ஆளும். கணினி ஆளும் ஒவ்வோர் அரசனும் நம்மைப் பற்றி ஒரு பட்டியல் வைத்திருப்பான். அவன் பெயர்மேல் அம்புக்குறியை வைத்தால் அந்தப் பட்டியல் திரையில் தெரியும். "கேட்ட உதவியை மறுத்தீர், கழித்தல் ஒன்று." "எம் எதிரியோடு வணிகம் செய்தீர், கழித்தல் இரண்டு." "நெடுங்காலம் சமாதானமாய் இருந்தீர், கூட்டல் ஒன்று." கழித்தல் கூடிவிட்டால் அவன் வணிகத்தை நிறுத்துவான், பின்னர் பேச்சையும் நிறுத்துவான், அதன் பின் படையெடுப்பான். ஆனால் என்ன காரணத்துக்காக எத்தனை புள்ளி என்பதை மட்டும் ஒருபோதும் மறைக்கமாட்டான்.

6. அதில் எனக்குப் பெரும் தொல்லையாக இருந்தது ஒரு வேண்டுகோள். பச்சைக்கொடி அரசன் வந்து, சிவப்புக்கொடி அரசியோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்து என்பான். மறுத்தால் அவனிடம் கழித்தல். ஒப்புக்கொண்டால் அவளிடம் அதைவிடப் பெரிய கழித்தல். யோசித்துச் சொல்கிறேன் என்றொரு பதில் அந்த விளையாட்டில் கிடையாது. நான் எப்போதும் மறுத்துவிடுவேன். சிறிய கழித்தலை வாங்கிக்கொண்டு இருவரோடும் இருந்துவிடலாம் என்பது என் கணக்கு.

7. அதே கணக்கை ஆசிரியர் அறையிலும் போட்டதுதான் நான் செய்த பிழை. 2006 சனவரியில் விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராக யாரை அழைப்பது என்று அதிபர் திரு. முத்துலிங்கம் அவர்களுக்கும் பிரதி அதிபர் திரு. கணேசமூர்த்தி அவர்களுக்கும் தகராறு வந்தது. அதிபர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையை அழைக்க விரும்பினார். பிரதி அதிபரோ, இதே தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து இன்று தாதியாகப் பணிபுரியும் பழைய மாணவி பூரணியை அழைக்கவேண்டும் என்றார். முடிவில் இருவரையுமே அழைக்கவில்லை. அந்த ஆண்டு விளையாட்டுப் போட்டியும் நடக்கவில்லை.

8. அதிபருக்கு எதிரான மனுவொன்றைப் பிரதி அதிபர் என்னிடம் கொண்டுவந்து, "நீங்க எங்க பக்கமா, அவரு பக்கமா? ரெண்டுல ஒன்னு சொல்லிருங்க சேர்" என்றார். நான் கையெழுத்திடவில்லை. மறுநாள் அதிபர் கூப்பிட்டு, பிரதி அதிபரைப் பற்றி ஒரு கடிதம் கேட்டார். "எங்கட ஊர் ஆள் நீர். நீர் எழுதாமல் வேற ஆர் எழுதுறது?" என்றார். அதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இருவரிடமும் சிறிய கழித்தல்தான் விழும் என்று நினைத்தேன். கணினி அரசர்கள் அப்படித்தான் எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

9. எங்கள் பாடசாலையில் இடைவேளைக்கு ஆசிரியர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவது வழக்கம். பெட்டியைத் திறந்ததும் ஆளுக்கொரு கரண்டி கறியை அடுத்தவர் பெட்டியில் வைப்பார்கள். கேட்டு வைப்பதில்லை, வேண்டாம் என்று சொல்வதுமில்லை. நான் வந்த புதிதில் என் பருப்பை எல்லோரும் தாராளமாகக் கேலி செய்தார்கள், ஆனாலும் எடுத்தார்கள். 2006 பெப்ரவரியில் ஒரு நாள் கரண்டிகள் என்னைத் தாண்டிப் போயின. நான் வைத்த பருப்பு ஒருவர் பெட்டியில் அப்படியே ஒதுக்கப்பட்டிருந்ததையும் கண்டேன். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணினி அறைக்குப் போய்விட்டேன். சரியாக ஒரு வருடம் நான்காம் கணினியின் முன்னால் இருந்து சாப்பிட்டேன். ஒத்துப் பழகாதவன் என்ற குற்றச்சாட்டுக்கு என் விளக்கம் இதுதான். எனக்கு அது மிகவும் தனிமையான வருடம், ஐயா. அதை வேறு சொல்லில் எழுத எனக்குத் தெரியவில்லை.

10. இனி அந்தக் கொப்பி. மனிதர்களின் பெயர்மேல் அம்புக்குறி வைக்க முடியாது. ஆகவே நாற்பது பக்கப் பயிற்சிக் கொப்பியில் ஒன்பது பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே காரணமும் புள்ளியும் குறித்தேன். "முத்துலிங்கம், கழித்தல் நான்கு, கடிதம் எழுத மறுத்தது." "கணேசமூர்த்தி, கழித்தல் ஐந்து, கையெழுத்து மறுத்தது, அவர் மகனுக்குக் கணிதத்தில் குறைந்த புள்ளி இட்டது." இப்படி. அவை நான் அவர்களுக்கு இட்ட புள்ளிகள் அல்ல. அவர்கள் எனக்கு இட்டிருக்கக்கூடிய புள்ளிகள். எந்த இடத்தில் என்ன தவறு செய்தேன் என்று எனக்கு ஒருவரும் சொல்லாததால் நானே ஊகித்து எழுதிக்கொண்டேன். ஒரு நண்பரை இழந்த காரணத்தைக் கணித முறையில் கண்டுபிடிக்கலாம் என்று நம்பியதை மடமை என்று தாங்கள் கொள்ளலாம். உளவு என்று மட்டும் கொள்ளவேண்டாம்.

11. கடந்த பெப்ரவரி 12ஆம் திகதி அதிபர் கணினி அறைத் திறப்பைத் திரும்பப் பெற்றார். அங்கே கொப்பி அகப்பட்டது. வலயத்துக்கு நான் இரகசிய அறிக்கை அனுப்புகிறேன் என்று பேச்சு எழுந்தது. அன்றே அதிபரும் பிரதி அதிபரும் ஒரு வருடத்துக்குப் பின் ஒரே வாங்கில் அமர்ந்து தேநீர் குடித்ததைக் கண்டேன். இதுவும் விளையாட்டில் உள்ளதே. ஒன்றோடொன்று பகைத்த இரு அரசுகள் மூன்றாம் அரசோடு சேர்ந்து போரிட்டால் இரண்டின் பட்டியலிலும் கூட்டல் விழும். எங்கள் பாடசாலையில் சமாதானம் வந்தது. இவ்வருடம் விளையாட்டுப் போட்டியும் நடக்கப்போகிறது. துரையையும் பூரணியையும் பிரதம விருந்தினராக அழைக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சமாதானத்தின் முழுச் செலவையும் நான் ஒருவனே ஏற்கவேண்டுமா என்பது என் புகார்.

12. ஆகவே திறப்பைத் திருப்பித் தருமாறும், இடமாற்றச் சிபாரிசை நிராகரிக்குமாறும், என்னை ஒதுக்க என்ன காரணம் என்பதைக் கையெழுத்திட்ட ஒன்பது பேரும் தனித்தனியே எழுத்தில் தருமாறு பணிக்குமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

13. மேலே உள்ளவை 14ஆம் திகதி புதன்கிழமை எழுதியவை. கையெழுத்திடும் இடம்வரை வந்து நிறுத்திவிட்டு, செம்மைப்பிரதி எடுக்கலாம் என்று வைத்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. பன்னிரண்டாம் பந்தியை வெட்டாமல் விட்டதற்கு மன்னிக்கவேண்டும். நான் எதைக் கேட்டிருந்தேன் என்பதையும் தாங்கள் அறிவது நல்லது என்று பட்டது.

14. திறப்புப் போன பிறகு எனக்குச் சாப்பிட வேறிடம் இல்லாமல் ஆசிரியர் அறை மேசையின் கடைசிக்குத் திரும்பியிருந்தேன். ஏறக்குறைய ஐந்து வாரம் ஒருவரும் பேசவில்லை. 16ஆம் திகதி வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை பேச்சியம்மா அவர்கள் தம் இடத்திலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, என் பெட்டியில் ஒரு கரண்டி கத்தரிக்காய்க் கறி வைத்தார். அவரும் முறைப்பாட்டில் கையெழுத்திட்டவர்.

15. கொப்பியில் அவர் பெயர் ஏழாவது வரி. "பேச்சியம்மா, கழித்தல் ஒன்று, கத்தரிக்காய்க் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று எல்லோர் முன்னும் சொன்னது." அவர் என்னை ஒதுக்க வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை. அதனால் அதை எழுதினேன். கையெழுத்திடும்போது அவருக்குக் கொப்பியைக் காட்டவில்லையாம். தங்கள் அலுவலகத்துக்கு அனுப்புமுன் அதிபரின் மேசையில் கிடந்ததை எடுத்துப் படித்திருக்கிறார். அது யார் யாருக்கு இட்ட புள்ளி என்பது அவருக்கு மட்டும் விளங்கியிருக்கிறது. எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "அந்த உப்பு விசயத்த நான் அன்னைக்கே மறந்துட்டேன் சேர். எல்லாரும் வைக்கலன்னுதான் நானும் வைக்காம இருந்துட்டேன். இன்னைக்கு உப்பு சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க." நான் சரி என்று தலையசைத்தேன். மற்றவர்கள் தொடர்ந்து சாப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

16. விளையாட்டில் கழித்தல் நிரந்தரமல்ல என்பதை ஐந்தாம் பந்தியில் சொல்ல மறந்துவிட்டேன். காலம் செல்லச் செல்லப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். ஆனால் அதற்கு ஆட்டத்தை விட்டு எழும்பாமல் இருக்கவேண்டும். புதிய ஆட்டம் தொடங்கினால் கழித்தல் ஒன்றும் இருக்காதுதான். அங்கே நம்மை ஒருவருக்கும் தெரிந்தும் இருக்காது. எனக்கு வயது நாற்பத்தொன்று, ஐயா. இன்னொரு மேசையில் முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

17. ஆகவே என் வேண்டுகோளைத் திருத்திக்கொள்கிறேன். திறப்பு எனக்கு வேண்டாம். அது அதிபரிடமே இருக்கட்டும், அந்த அறை கிடைத்தால் நான் திரும்பவும் அங்கேயே போய்விடுவேன். ஒன்பது பேரிடமும் காரணம் கேட்கவும் வேண்டாம். காரணம் எழுதச் சொன்னால் இல்லாத காரணத்தையும் தேடி எழுதுவார்கள் என்பதை என் கொப்பியைக் கொண்டே அறிந்துகொண்டேன். இடமாற்றத்தை மட்டும் ஒரு வருடத்துக்கு ஒத்திவைக்க வேண்டுகிறேன். அதற்குப் பிறகும் என் பருப்பை எடுக்க ஆளில்லை என்றால் தாங்கள் அனுப்பும் இடத்துக்கு மறுபேச்சின்றிப் போகிறேன்.

18. இம்மனு விதிப்படி அதிபர் ஊடாகவே வருகிறது. ஆகையால் தங்களுக்கு முன் அவர் இதைப் படிப்பார். அவரிடம் நேரே சொல்லமுடியாமல் போனதையும் இதில்தான் எழுதியிருக்கிறேன். அவருக்கு நான் நான்கு கழித்தல் எழுதியதும் என் ஊகம் மட்டுமே. அது பிழையாக இருந்தால் நல்லது.

19. கடைசியாக ஒன்று. தங்கள் அலுவலகத்தில் சான்றுப் பொருளாக உள்ள அந்தப் பயிற்சிக் கொப்பியை விசாரணை முடிந்ததும் தயவுசெய்து திருப்பித் தரவேண்டும். அழித்துவிடவேண்டாம். ஏழாவது வரி பிழை. அதை என் கையால் வெட்டவேண்டும்.

தங்கள் முடிவை இந்த மேசையின் கடைசியில் இருந்து எதிர்பார்க்கும்,

து. உமாசுதன்
(கையொப்பம்)

இடம்: வட்டகொடை
திகதி: 2007 மார்ச் 19

இணைப்பு: எதுவுமில்லை. இணைக்கவேண்டிய கொப்பி தங்களிடமே உள்ளது.