எந்தக் கோயில் மொட்டை

இளமதி,

நான்காவது கீமோவுக்குப் பிறகு வாயெல்லாம் புண். போனில் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

நீ அனுப்பிய விக் கிடைத்தது. உன் கல்யாணத்துக்கு அதை வைத்துக்கொண்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். தலை எரிந்தது.

நேற்று வெறுந்தலையோடு தேக்கா சந்தைக்குப் போனேன். பூக்கடை அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேண்டுதலாம்மா? பழனியா, திருப்பதியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உனக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

"ரெண்டும் இல்லக்கா. ஆஸ்பத்திரி மொட்டை."

அவர் சிரிப்பு நின்றது. பிறகு ஒரு முழம் மல்லிகையை என் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினார். "தலையில வைக்க முடியலன்னா என்ன லா, கையில வச்சுக்க."

அந்த மணம் குமட்டியது. ஆனாலும் ஈசூன் வீட்டுக்கு வந்து சேரும்வரை கழற்றவில்லை.

விக்கை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு இந்தத் தலையோடுதான் வருவேன்; எந்தக் கோயில் என்று கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களை நீ தாலிக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

ரொம்ப நேரம் நிற்க முடியாது. எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல். கடைசி வரிசையில் இல்லை, மேடையில், உன் பக்கத்தில்.

உன் அக்கா