மணி அவர்களிடம், கம்பி என்னிடம்

அண்ணே,

இன்று பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், ஜெலாப்பாங் சமிக்ஞை விளக்கில் வேனை நிறுத்தினேன். இருக்கைக்கு அடியில் கிடந்த கம்பி உருண்டுபோய்க் கதவில் 'ணங்' என்று மோதியது. என் முதுகு தானாக நிமிர்ந்தது. பெரட்டு மணிக்கு எழுந்து நின்ற வம்சமில்லையா! பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததே தெரிந்தது. பக்கத்தில் இருந்த மகள் சிரித்தாள். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்தான். அதற்காக அந்தப் பள்ளியை உங்களிடம் திட்டாமல் வேறு யாரிடம் திட்டுவேன்?

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தக் கூப்பிட்ட மணி அது. மணி என்ன மணி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. கம்பியால் தட்டினால் லயத்து வீடுகளில் தூங்கும் பிள்ளைகள் அலறும். "இந்தச் சனியன் சத்தத்துலதான்டா என் அப்பன் கெழவனானான்" என்பீர்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஓர் இடைநிலைப்பள்ளி வேண்டுமென்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு கல்வி இலாகா வாசலில் போய் உட்கார்ந்தவர் நீங்கள். பள்ளி வந்தது, அதற்கு மணி வரவில்லை. தோட்டத்திலிருந்து அந்தச் சனியனைக் கழற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து பள்ளி மரத்தில் தொங்கவிட்டீர்கள். "இத்தன காலம் வேலைக்குக் கூப்புட்டுச்சில்ல, இனிமே படிக்கக் கூப்புடட்டும்லா."

யார் யாரைச் சேர்ப்பது என்று அன்றைய முதல்வர் கேட்டார். "மணிச் சத்தம் கேக்குற வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும்தான் சார்" என்றீர்கள். மனிதர் தலையாட்டினார். அந்த விதியில்தான் நானும் உள்ளே நுழைந்தேன். வேறு எந்த விதியிலும் என்னைச் சேர்த்திருக்க மாட்டார்கள். பாடத்தில் தேறாதவனுக்கு மணி அடிக்கும் வேலை கிடைத்தது. மூன்றாம் படிவத்தோடு நான் படிப்பை விட்டபோது மின்சார மணி வந்துவிட்டது. யாரும் தேடாத கம்பியை எடுத்துக்கொண்டேன். அந்தப் பள்ளி எனக்குக் கொடுத்த ஒரே சான்றிதழ்.

இப்போது அது பேர் பெற்ற பள்ளி. நம் மணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, 'தோட்ட நிறுவனத்தின் அன்பளிப்பு' என்ற பலகையோடு. பள்ளியின் பண்புகள் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்: ஒழுக்கம், நன்றி, அனைவரையும் அரவணைத்தல். அரவணைத்தலுக்கு நேர் கீழே 'வெளியாட்கள் நுழையத் தடை'. சிரித்துவிட்டேன். காவலாளி முறைத்தார்.

மகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்று அப்பீல் பேசப் போனோம். துணை முதல்வர் நம்மவர்தான்.

"நீங்க இருக்கிற ஃப்ளாட் எங்க எல்லைக்கு வெளிய இருக்கு."

"தோட்டத்த வித்தப்ப எங்கள அங்க கொண்டுபோய் வச்சாங்க டீச்சர். நாங்களா ஆசப்பட்டுப் போனோம்?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"வாசல்ல நிக்கிற கார்லாம் தாப்பா, ஆயர் தாவார்னு எங்கெங்கயிருந்தோ வருதே?"

"அவங்க சிறப்புத் தேர்வுல வந்தவங்க."

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "நான் இங்க மணி அடிச்சவன், கம்பிகூட என் வேன்லதான் கெடக்கு" என்றேன். டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. அதுவரை 'நீங்க' என்றவர் 'அண்ணே' என்றார்.

"அண்ணே, எங்க வரலாற்று மூலைக்கு அது ஒண்ணுதான் குறை. அன்பளிப்பா குடுங்களேன். அப்பீல இன்னொரு தடவ பாக்கச் சொல்றேன்."

கம்பி என்ன, அவளுக்கு இடம் கிடைத்தால் வேனையே கழற்றிக் கொடுப்பேன். எழுந்தும் விட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருங்கப்பா. நான் என்ன பழைய இரும்பா, எடைக்கு எடை மாத்துறதுக்கு?"

"பாப்பா, நல்ல சந்தர்ப்பம்மா இது."

"எங்க ஃப்ளாட்டுல இன்னும் நெறைய பேரு அப்பீல் போட்டிருக்காங்க டீச்சர். அவங்கள்லாம் என்ன கொண்டு வரணும்?"

டீச்சர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

வேனில் ஏறியதும் கேட்டேன், "ஒனக்கு இந்தப் பள்ளிதானேம்மா வேணும்?" "வேணும்தான்" என்றாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த 'வேணும்தான்' என் நெஞ்சில் கிடக்கிறது, அண்ணே. அவர்கள் எத்தனை வெற்றிக் கோப்பை வாங்கினாலும் என் ஆத்திரம் ஆறாது.

அடுத்த வாரம் முதல் தூரத்துப் பள்ளிக்கு நான்தான் அவளைக் கொண்டுபோய் விட வேண்டும். இந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டித்தான் வழி. கம்பியை இருக்கைக்கு அடியிலிருந்து எடுக்கப்போவதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வாசலுக்கு நேராக வரும்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பேன்.

உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும்.